உழக்கு அரிசியும் 300 சிசியும்

"என்ன சைஸ் வேணும்னு நினைக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 26 வருடமாக அந்தக் கேள்வியை நான்தான் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் ப்ளவுஸ் தைக்கிற கடை எனக்கு. யார் வந்தாலும் முதலில் கேட்பது "அளவு ப்ளவுஸ் இருக்கா?" என்பதுதான். இருந்தால் பாதி வேலை முடிந்தது. மார்பில் வைத்த இம்ப்ளான்ட்டை மாற்ற டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று என்னிடம் இருந்த ஒரே அளவு ப்ளவுஸ், முன்பே தப்பாகத் தைத்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 பங்குனியில் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. மார்பை முழுவதுமாக எடுத்துவிட்டு, அதே ஆபரேஷனில் தசைக்கு அடியில் எக்ஸ்பாண்டர் என்று ஒரு காலி பலூனை வைத்தார்கள். கீமோ ஓடிக்கொண்டிருந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பு நீர் ஏற்றி அதைப் பெரிசாக்கினார்கள். அப்புறம் கதிர்வீச்சு. 2017 கடைசியில் பலூனை எடுத்துவிட்டு சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். என்ன அளவு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்த நேரம்.

மூன்று வருடம் போல நன்றாகத்தான் இருந்தது. பிறகு இறுக ஆரம்பித்தது. வெளியிலிருந்து எதை உள்ளே வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு உறை கட்டிக்கொள்ளும். சிலருக்கு அந்த உறை சுருங்கி உள்ளே இருப்பதை நெரிக்கும். கதிர்வீச்சு வாங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். இதற்கு பேக்கர் கிரேடு என்று நாலு படி வைத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் மெத்தென்று இயல்பாக இருக்கும். மூன்று என்றால் கெட்டியாகி, பார்த்தாலே உருவம் மாறியது தெரியும். நாலில் வலியும் சேர்ந்துகொள்ளும். நான் மூன்று. இடது பக்கம் செங்காய்ப் பதத்தில் இருக்கும் கொய்யா மாதிரி உருண்டு, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. மெஷினில் துணியை இடது கையால் இழுத்துப் பிடிக்கும்போது தசை இழுத்து அது ஒரு துள்ளு துள்ளும்.

வலது பக்கம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 58 கிலோவாக இருந்தவள் 66 ஆனேன். மாத்திரை பாதி, வயசு பாதி. உடம்பு பெருத்தால் சொந்த மார்பும் பெருக்கும், இறங்கும். இம்ப்ளான்ட் வைத்தது வைத்தபடி இருக்கும். இரண்டு பக்கமும் டாட் பாயிண்ட், அதாவது ப்ளவுஸில் மார்பின் முனை வரும் இடம், குறித்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குல வித்தியாசம். இது சின்ன விஷயமில்லை. என் கடையில் கால் அங்குலம் தள்ளிப்போனதற்கே ப்ளவுஸைத் திருப்பிக் கொடுத்த வாடிக்கையாளர்கள் உண்டு.

தையல்காரியாக இருப்பதால் சமாளித்தேன். இடது அக்குள் பக்கம் ஒரு குழி விழும். லைனிங்குக்கும் மேல்துணிக்கும் நடுவில் ஃபோம் வெட்டி வைத்துத் தைத்து அதை மூடுவேன். நாலு வருடம் யாருக்கும் தெரியாது. கடையில் கூட இருக்கும் பொண்ணுக்குக்கூட, ஒருநாள் அயர்ன் பாக்ஸ் ஃபோமை உருக்கி வைத்தபோதுதான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய இம்ப்ளான்ட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம் என்று முடிவானது. புது டாக்டர், வேறு ஆஸ்பத்திரி. அவர் கேட்ட முதல் விவரம், "உள்ள இருக்கறது எத்தனை சிசி? கார்டு இருக்கா?" சிசி என்றால் இம்ப்ளான்ட்டின் கொள்ளளவு. எனக்குக் கார்டு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இம்ப்ளான்ட் வைத்தால் கம்பெனி, வகை, அளவு, வரிசை எண் எல்லாம் போட்டு ஒரு அட்டை தரவேண்டுமாம். முதல் ஆஸ்பத்திரியில் தரவில்லை. அங்கே போய் ரெக்கார்ட்ஸ் அறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாவது நாள் ஒரு வயதான ஊழியர் பழைய ஃபைலைத் தூசி தட்டிக் கொடுத்தார். ஆபரேஷன் குறிப்பின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். 300 சிசி, அகலம் 11.2 செமீ, வழவழப்பான மேற்பரப்பு. கடைசிச் சொல்லைப் படித்தபோதுதான் மூச்சு வந்தது. 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகை இம்ப்ளான்ட்டுகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் அரிதான ஒரு வகை அவற்றோடு சேர்த்துப் பேசப்பட்டதுதான் காரணம். அதைப் படித்ததிலிருந்து எனக்குள் இருப்பது எந்த வகை என்று தெரியாமலே ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன்.

அதே ஃபைலில் இன்னொன்றும் கிடைத்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எடுத்த மார்பின் எடை 410 கிராம் என்று எழுதியிருந்தது. சிலிக்கான் ஜெல் கிட்டத்தட்டத் தண்ணீர் எடைதான், 300 சிசி என்றால் ஏறக்குறைய 300 கிராம். ஆக, 410-ஐ எடுத்துவிட்டு 300-ஐ வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. எடுத்ததில் தோலும் அக்குள் கொழுப்பும் சேர்ந்திருக்கும், அப்படியே கழித்துப் பார்க்கக்கூடாது என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆனால் அன்றைக்கு என் மனசில் பதிந்தது ஒன்றுதான்: துணி குறைவாக வெட்டிவிட்டார்கள். இந்தத் தடவை தாராளமாக வாங்கிவிடுவது.

எவ்வளவு தாராளம்? இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட சிலரிடம் போனில் பேசினேன். ஒருத்தர் 325 என்றார், ஒருத்தர் 350, "போடும்போதே பெரிசா போட்டுடுங்க, அப்புறம் வருத்தப்படுவீங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களெல்லாம் அழகுக்காக வைத்துக்கொண்டவர்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர்களுக்கு மேலே சொந்தச் சதை இருக்கிறது, அதற்கு அடியில் 325. எனக்கு மேலே தோலும் மெல்லிய தசையும்தான். வெளியே தெரிவது மொத்தமும் இம்ப்ளான்ட்தான். அவர்கள் கணக்கு எனக்கு ஆகாது. பிரா கப் எழுத்தும் ஆகாது. 34 சியும் 38 சியும் ஒரே கொள்ளளவு இல்லை என்பது தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் அரிசியை வைத்து அளந்து பார்க்கலாம் என்று ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார். சிசி என்பது மில்லிதான். மாமியார் காலத்துப் பித்தளை உழக்கு வீட்டில் இருக்கிறது. உழக்கு 336 மில்லி, அதில் பாதி ஆழாக்கு 168, அரை ஆழாக்கு 84. காடாத் துணியில் வட்டமாக ஒரு பை தைத்து, அரை ஆழாக்கு அரிசி போட்டு, இடது பக்கம் பிராவுக்குள் வைத்துக் கண்ணாடி முன் நின்றேன். முன்பக்கம் சரியாக வந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, பார்த்துச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா அரிசி கொட்டுதே."

தையல் விட்டிருந்தது. காடாத் துணியில் நெருக்கத் தையல் போடாதது என் தப்பு. அந்த அரிசியை மறுநாள் வெண்பொங்கலில் போட்டுவிட்டேன், மாமியாரிடம் சொல்லவில்லை. 300-ஓடு 84, மொத்தம் 384. "400 போட்டுருங்க டாக்டர்" என்று சொல்லத் தயாராகத்தான் போனேன்.

டாக்டர் மறுத்துப் பேசவில்லை. மேசை டிராயரிலிருந்து காலிப்பர் ஒன்றை எடுத்தார், தச்சுப் பட்டறையில் இருக்குமே, இரண்டு கால் வைத்த கருவி. நானும் டேப்பால் அளக்கிறவள்தான், ஆனால் டேப் வளைவோடு வளைந்து போகும். அது நேராகப் பாலம் போட்ட மாதிரி நிற்கும். நடு நெஞ்செலும்பின் ஓரத்திலிருந்து அக்குள் பக்கம் மார்பு முடியும் கோடு வரை வைத்தார். வலது 13.5 செமீ. இடது பக்கம் இம்ப்ளான்ட் உட்கார்ந்திருந்த அகலம் 10-க்கும் கொஞ்சம் மேலே. ஸ்டிக்கரில் 11.2 என்று இருந்தது, உறை நெரித்ததில் அதுவும் குறுகியிருந்தது.

"நீங்க ஃபோம் வைக்கிறது எந்த இடம்?"

அக்குள் பக்கம் காட்டினேன்.

"அந்தப் பள்ளம் அளவு கம்மியா இருக்கறதால வரலம்மா. அகலம் கம்மி. 400 போட்டாலும் குறுகலான மாடலா போட்டா அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கும். முன்னாடிதான் துருத்தும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரே மாவு, உருட்டினால் சீடை, தட்டினால் தட்டை. என் 300-ஐ உடம்பு சீடையாக உருட்டி வைத்திருக்கிறது. நானோ மாவு போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்லாக்கைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். எங்கள் துணிக்கடை ஷேட் கார்டு மாதிரி கட்டம் கட்டமாக எண்கள். அகலம், முன்துருத்தம், சிசி. முதலில் அகலத்தை முடிவு செய்யவேண்டும், அது நெஞ்சுக்கூட்டின் அளவு, நம் ஆசைக்கு மாறாது. மார்பின் அடி அகலத்தை மீறி வைத்தால் அக்குளுக்குள் போய்க் கை உரசும், அல்லது நடுவில் இரண்டும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். எனக்கு 12.5 வரை போகலாம் என்றார். அந்த அகலத்தில் விரல் வைத்ததும் சிசி தானாக மூன்றாகச் சுருங்கிவிட்டது. தட்டையானது என்றால் 275, நடுத்தரம் 325, உயரமாகத் துருத்துவது 425. அரை மணி நேரத்துக்கு முன் கடல் மாதிரி இருந்தது இப்போது மூன்று கட்டம்.

425-ஐக் காட்டி "இதுதானே நான் கேட்டது?" என்றேன். பதிலுக்கு என் இடது மார்பின் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிக் காட்டினார். வரவே இல்லை. கதிர்வீச்சு பட்ட தோல் நீளாது. நான் யாருக்குத் தைத்தாலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன், நாளைக்குப் பிரித்துக்கொள்ளலாம். என் தோலில் உள்ளே விட்ட துணி இல்லை. அதில் பெரிசைத் திணித்தால் தையல் வாய் பிளக்கும், தோல் மெலிந்து ஓரம் மடிப்பு மடிப்பாகத் தெரியும், கனத்தில் கீழே இறங்கவும் செய்யும். அரிசிப் பை தோலுக்கு வெளியே சுகமாக உட்கார்ந்திருந்தது. உள்ளே இருப்பதற்குத் தோலும் தசையும் அனுமதிக்க வேண்டும்.

இம்ப்ளான்ட்டே வேண்டாம், முதுகுத் தசையையோ வயிற்றுச் சதையையோ எடுத்து வைக்கலாம், கதிர்வீச்சு வாங்கிய இடத்துக்கு அது இன்னும் நல்லது என்றும் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மறுபடி இம்ப்ளான்ட் வைத்தால் மறுபடி இறுகலாம் என்பதையும் சொன்னார். நாள் முழுக்க மெஷினில் குனிந்து உட்கார்கிறவளுக்கு முதுகில் கை வைக்க மனசு வரவில்லை. வயிற்றில் ஏற்கெனவே இரண்டு சிசேரியன். இன்னொரு தடவை இம்ப்ளான்ட்டே பார்த்துவிடுவோம் என்றேன். இது சரியான முடிவா என்று கேட்டால், என் முடிவு, அவ்வளவுதான்.

வலது மார்பைக் கொஞ்சம் குறைத்துத் தூக்கித் தைத்தால் இரண்டும் சமமாகும் என்றார். இதற்கு நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. கெட்ட பக்கத்துக்காக நல்ல பக்கத்தை வெட்டுவதா? டாக்டர் இரண்டு தடவை எடுத்துச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார். ப்ளவுஸ் போட்டால் சமமாகத் தெரியவேண்டும், படுத்தால் கல் மாதிரி குத்தக்கூடாது, இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும், கண்ணாடியில் வெறும் உடம்பு எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றேன். "அப்படின்னா 325 முயற்சி பண்ணலாம். 275-ம் கையில வச்சுக்குவேன். டேபிள்லதான் முடிவாகும்" என்றார். ஒப்புதல் படிவத்தில் இரண்டு எண்ணும் இருந்தன. நான் 325-ஐ மட்டும்தான் படித்தேன்.

ஆபரேஷனை 2024 ஆடியில் வைத்துக்கொண்டேன். ஆடியில் முகூர்த்தம் இல்லை, கல்யாண ப்ளவுஸ் வராது. ஆறு வாரம் கையைத் தூக்கக்கூடாது என்றதால் ஆவணி முதல் முகூர்த்த ஆர்டர்களைக் கடைப்பொண்ணிடம் விட்டேன். அந்தச் சமயத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி இது அழகு சிகிச்சை என்று முன் அனுமதியை மறுத்தது. பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 08 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அழகு சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்குப் பணம் உண்டு என்று சொல்லும் பிரிவு அதுதான். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, வரியின் கீழே சாக்பீஸால் கோடு போட்டு, டாக்டரின் கடிதத்தோடு அனுப்பினேன். பாஸ் ஆனது. இதே நிலையில் இருப்பவர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மயக்கம் தெளிந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "325-ஆ?"

"275" என்றார் நர்ஸ்.

அழுகை வந்துவிட்டது. போனதைவிட 25 குறைவு! இதற்கா இவ்வளவு பாடு? மறுநாள் டாக்டர் வந்து உட்கார்ந்து சொன்னார். உறையின் முன்பாகத்தை உரித்து எடுத்தபின் அளவு பார்க்கும் தற்காலிக இம்ப்ளான்ட்டை வைத்து, மேசையைத் தூக்கி என்னை உட்காரவைத்த நிலையில் பார்த்திருக்கிறார்கள். 325 வைத்தபோது தையல் கோட்டுப் பக்கம் தோல் வெளுத்திருக்கிறது. ரத்தம் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். 275 வைத்ததும் நிறம் திரும்பியிருக்கிறது. தொடையிலிருந்து கொஞ்சம் கொழுப்பு எடுத்து மேல்பக்கம் ஊசியில் நிரப்பியிருக்கிறார். எல்லாம் சரி, நியாயம்தான். இருந்தாலும் இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆபரேஷன் காயத்திலிருந்து வடியும் நீர் சேரும் டிரெயின் டப்பாவைத் தொங்கவிட நான் தைத்து எடுத்துப்போயிருந்த சுருக்குப் பையைப் பார்த்து "பக்கத்து பெட் அம்மாவுக்கும் ஒண்ணு தைச்சுக் கொடுங்களேன்" என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார்.

வீக்கம் இருக்கும்வரை எதையும் அளக்காதீர்கள். நான் வாராவாரம் டேப் வைத்துப் பார்த்துக் குழம்பினேன். இரண்டாவது வாரம் இடது பெரிசு, ஆறாவது வாரம் சின்னது, எதுவும் உண்மையில்லை.

கார்த்திகையில்தான் உட்கார்ந்து எனக்கென்று புதிதாகப் பேப்பர் கட்டிங் போட்டேன். கடைப்பொண்ணு அளவு எடுத்தாள். அக்குள் பக்கம் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க ஃபோம் வேணாம்" என்றாள். வேண்டியிருக்கவில்லை. டாட் பாயிண்ட் வித்தியாசம் ஒன்றரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலத்துக்கு வந்திருந்தது. துள்ளுவது மட்டும் இன்னும் இருக்கிறது, தசைக்கு அடியில்தானே இருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் படுக்கிறேன்.

முன்பக்கம் இடது பக்கம் கொஞ்சம் தட்டை. 325 வைத்திருந்தால் இது வந்திருக்காது என்று இப்போதும் சில நாள் தோன்றும். அதற்கு ரெடிமேட் கப் பேட் மெல்லியதாக ஒன்று வைத்துத் தைக்கிறேன். கடையில் ஜோடியாகத்தான் விற்கிறார்கள். எனக்கு ஒரு ஜோடி இரண்டு ப்ளவுஸுக்கு வருகிறது.